மும்பை மொட்டைமாடியில் மண்பானைப் பொங்கல்: முதல் தடவை வைப்பவர்களுக்கு

இந்தத் தைப்பொங்கலுக்கு, 2026 ஜனவரி 15 வியாழக்கிழமை காலையில், செம்பூரில் எங்கள் பில்டிங் மொட்டைமாடியில் மண்பானையில் பால் பொங்கியது. 2024-லும் 2025-லும் பானை உடைந்தது. ஊரில் ஆச்சி பானை வைத்ததைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். ஆனால் வேடிக்கை பார்த்ததும் வைக்கத் தெரிந்ததும் ஒன்றில்லை என்று இங்கே வந்துதான் தெரிந்தது. ஃப்ளாட்டில் குக்கர் பொங்கலோடு பண்டிகையை முடித்துக்கொண்டு, ஒரு தடவையாவது நாலு பேரைக் கூப்பிட்டுப் பானையில் வைக்க வேண்டும் என்று நினைக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

சர்க்கரைப் பொங்கல் எப்படிச் செய்வது என்று இதில் சொல்லப்போவதில்லை, அது எல்லோருக்கும் தெரியும். பானையைத்தான் சொல்லப் போகிறேன்.

பானை வாங்குவது: பத்து நாள் முன்னால்

செம்பூரிலிருந்து குர்லா போய் மாறி, அடுத்த ஸ்டேஷன் சயான். அங்கிருந்து தாராவி கும்பார்வாடா பக்கம்தான். சௌராஷ்டிராவிலிருந்து வந்த குயவர் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகத் தொழில் செய்கிற இடம். பக்கத்திலேயே 90 அடி ரோட்டில் நம் ஆட்கள் தெருவில் வரிசையாகப் பானை வைத்துப் பொங்கலிடுவார்கள். அதனால் தைக்கு முன்னால் அந்தப் பக்கம் பொங்கல் பானை கிடைத்துவிடும். ஞாயிற்றுக்கிழமை மதியம் போங்கள். ஆபீஸ் நேரத்து லோக்கலில் மண்பானையோடு ஏறவே கூடாது.

கடையில் முதலிலேயே சொல்லிவிட வேண்டியது ஒன்று: தண்ணீர் வைக்கிற மட்கா வேண்டாம், அடுப்பில் ஏற்றுகிற ஹண்டி வேண்டும். தண்ணீர்ப் பானை கசிந்து குளிர்வதற்காகவே செய்தது, தீயில் வைத்தால் நிற்காது. பெயின்ட் அடித்தது, பளபளப்புப் பூசியது எதுவும் வேண்டாம். கோலம் போட்ட பானை பார்க்க அழகாக இருக்கும், ஆனால் அந்தப் பெயின்ட் சூட்டில் உரிந்து நாறும். அழகு வேண்டுமென்றால் வீட்டில் பச்சரிசி மாவும் காவியும் கரைத்து நீங்களே கோலம் போடுங்கள்.

விரல் முட்டியால் பானையைத் தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்டால் நல்ல பானை. சத்தம் செத்த மாதிரி வந்தால் எங்கோ விரிசல் இருக்கிறது, கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் எடுக்காதீர்கள். முதல் தடவைக்கு 3 லிட்டர் போதும். பெரிய பானை ஒரே சீராகச் சூடேறுவது கஷ்டம். கழுத்து கொஞ்சம் குறுகலாக இருப்பதைத்தான் நான் எடுப்பேன். வாய் அகலமான சட்டியில் பால் அகலமாகக் கொதிக்குமே தவிர, எழும்பி வழிய நேரமாகும்.

பழக்குவது

2024-ல் நான் செய்தது: பானையைக் கழுவினேன், துடைத்தேன், அடுப்பில் வைத்தேன். பத்து நிமிஷத்தில் அடியில் கீறல் விட்டது. அடிப்பாகம் சூட்டில் விரிகிறது, மேல்பாகம் இன்னும் குளிராகவே இருக்கிறது. புது மண் அந்த இழுபறியைத் தாங்காது. அதனால்தான் பழக்க வேண்டும்.

ஒரு பக்கெட் தண்ணீரில் பானையை முழுக்க மூழ்கவிடுங்கள். குமிழ் குமிழாகக் காற்று வெளியே வரும். ஒரு நாள் முழுக்கக் கிடக்கட்டும். எடுத்து நிழலில் ஒரு நாள் காயவையுங்கள், வெயிலில் வேண்டாம். அப்புறம் உள்ளேயும் வெளியேயும் நல்லெண்ணெய் தடவி இன்னொரு நாள் விடுங்கள். அதற்குப் பிறகு அரிசி களைந்த தண்ணீரை முக்கால் அளவு ஊற்றி, கேஸில் இருப்பதிலேயே சின்னத் தீயில் வைத்து, மெதுவாகக் கொதி வந்ததும் அணைத்து, அடுப்பிலேயே ஆறவிட வேண்டும். சுடச்சுட இறக்கி கிரானைட் மேடையில் வைத்தால் அதுவரை பட்ட பாடு வீண். இதே மாதிரி மூன்று நாள் செய்யுங்கள். கடைசி நாள் வடிகஞ்சி ஊற்றிச் செய்தால் இன்னும் நல்லது. கஞ்சி மண்ணின் நுண்துளைகளில் இறங்கி அடைத்துக்கொள்ளும், கசிவு நின்றுவிடும்.

இத்தனை நாள் ஆகும் என்பதால்தான் பத்து நாள் முன்னால் வாங்கச் சொன்னேன்.

மாடியும் அடுப்பும்

சொசைட்டி செக்ரட்டரியிடம் ஒரு வாரம் முன்னாலேயே கேட்டுவிடுங்கள். பண்டிகை என்று சொன்னால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். ஆனால் மாடியில் வாட்டர்ப்ரூஃபிங் போட்டிருப்பார்கள், அதன்மேல் நேரடியாகத் தீ மூட்டினால் அதில் வெடிப்பு விழும். மழைக்காலத்தில் கீழ்வீட்டுக் கூரை ஒழுகும். நாலு விரல் கனத்துக்கு மணல் பரப்பி, அதன்மேல் செங்கலைப் படுக்கையாக அடுக்கி, அதற்கும் மேல் மூன்று செங்கலை நிறுத்தினால் அடுப்பு. பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டியிலிருந்து தள்ளி வையுங்கள். பக்கத்தில் ஒரு பக்கெட் தண்ணீரும் கொஞ்சம் மணலும் கட்டாயம் இருக்க வேண்டும்.

எரிக்க, ஊரில் என்றால் பனையோலை. இங்கே ஒரு மாதமாகச் சேர்த்துவைத்த சிரட்டையும் துண்டு விறகும். சிரட்டை சுலபமாகப் பிடிக்கும், நின்று எரியும். மண்ணெண்ணெய் ஊற்றிப் பற்றவைக்காதீர்கள், அந்த வாடை பொங்கலில் ஏறிவிடும். ஒரு கட்டி சூடம் போதும். காற்று வருகிற பக்கம் ஒரு பழைய தகரத்தை நிறுத்துங்கள். தீ ஒரே பக்கமாகச் சாய்ந்து பானையை நக்கினால் அந்தப் பக்கம் மட்டும் சூடேறிக் கீறல் விடும்.

பால் ஊற்றுகிற இடம்

மற்றதையெல்லாம் வேகமாகப் படித்திருந்தாலும் இதை மட்டும் நிதானமாகப் படியுங்கள்.

2025-ல் பானையைச் சரியாகப் பழக்கியிருந்தேன். தீயும் மெதுவாகவே வைத்தேன். களைந்த நீர் நன்றாகச் சூடேறி ஓரத்தில் நுரை கட்ட ஆரம்பித்தது. சுற்றி நாங்கள் பதினொரு பேர். என் மகள் தாம்பாளத்தையும் கரண்டியையும் கையில் வைத்துக்கொண்டு தட்டுவதற்குத் தயாராக நிற்கிறாள். ஃப்ரிட்ஜிலிருந்து அப்போதுதான் கொண்டுவந்த பால் பாக்கெட்டை வெட்டி ஊற்றினேன். “டப்” என்று ஒரு சத்தம். கழுத்திலிருந்து அடிவரை நேர்க்கோடாக விரிந்து, உள்ளே இருந்ததெல்லாம் தீயில் கொட்டி அணைந்தது. மகள் அழுதாள். அத்தை ஒன்றும் பேசாமல் கீழே போய்க் குக்கரை ஏற்றினார்.

சூடான மண்ணில் சில்லென்ற பால் படக்கூடாது. இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. ஊரில் ஃப்ரிட்ஜ் பாலே கிடையாது, அப்போதுதான் கறந்த பால். அதனால் யாருக்கும் சொல்லத் தோன்றியிருக்காது.

இப்போது நான் செய்வது: பாலை அதிகாலை 4:30-க்கே வெளியே எடுத்து, பாக்கெட்டோடு வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டுவிடுவேன். அடுப்பு பற்றவைப்பதற்கு முன்பே, பானை குளிர்ந்திருக்கும்போதே, களைந்த நீரையும் பாலையும் சேர்த்து ஊற்றிவிடுவேன். எல்லாம் ஒன்றாகச் சூடேறும். தண்ணீர் கொதித்த பிறகு பால் விடுவதுதான் உங்கள் வீட்டு வழக்கம் என்றால், பாலைத் தனியாகக் காய்ச்சிச் சூடாக்கி, கரண்டிமேல் மெல்லிய தாரையாக விடுங்கள்.

இதற்குப் பிறகு போடுகிற எல்லாவற்றுக்கும் இதே விதிதான். அரிசியைக் கைப்பிடி கைப்பிடியாகப் போட வேண்டும். சேர்க்கிற தண்ணீர் சூடாக இருக்க வேண்டும். வெல்லப்பாகும் சூடாக இருக்க வேண்டும்.

அளவும் நேரமும்

3 லிட்டர் பானைக்கு அரை லிட்டர் முழுக்கொழுப்புப் பாலும் சுமார் இரண்டு லிட்டர் களைந்த நீரும். கழுத்துக்கு இரண்டு விரல் கீழே நிற்க வேண்டும். குறைந்தால் பொங்காது, கொதித்துக்கொண்டே வற்றும். பால் மேலே ஏடு கட்டி ஆவியை அடியில் பிடித்து வைப்பதால்தான் நுரை எழும்புகிறது. அரிசி களைந்த நீரின் கஞ்சித்தன்மை அதற்கு இன்னும் துணை. அதனால் இரண்டாவது தடவை களைந்த நீரை எடுத்துக்கொள்ளுங்கள், வெறும் குழாய்த் தண்ணீரைவிட நன்றாக எழும்பும்.

மஞ்சள் கொத்தைத் தீ மூட்டும் முன்பே கழுத்தில் கட்டுங்கள். நூலை நனைத்துக் கட்ட வேண்டும், காய்ந்த நூல் கருகி அறுந்துவிடும். மஞ்சள் கொத்து, கரும்பு, வாழையிலை எல்லாம் மாட்டுங்கா மார்க்கெட்டில் இரண்டு நாள் முன்னாலேயே வந்துவிடும்.

நேரத்தில் ஒரு மும்பைக் கணக்கு இருக்கிறது. ஜனவரி நடுவில் இங்கே சூரியன் உதிக்க 7:15 ஆகும். திருநெல்வேலியில் அதற்கு அரை மணி நேரத்துக்கும் மேல் முந்திவிடும். 6:45-க்கு ஆச்சி போன் பண்ணி, “ஏட்டி, பால் பொங்கிட்டா?” என்றபோது இங்கே இன்னும் விளக்கு போட்டுத்தான் நின்றுகொண்டிருந்தோம். “இங்க சூரியனே வரல ஆச்சி” என்றேன். “அப்போ வைக்காதே, சூரியனைப் பாத்துத்தான் பொங்கணும்” என்றார். டி.வி.யில் நம்மூர்ப் பொங்கலைப் பார்த்துவிட்டு அவசரப்படாதீர்கள். நான் 6:45-க்கு மேல்தான் தீ மூட்டினேன். முதல் பத்து நிமிஷம் சின்னத் தீ, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, 7:20-க்குப் பொங்கியது. கிழக்குப் பக்கம் வழிந்தது. அத்தை குலவை போட்டார். மூன்று மாடி கீழே இருக்கிற மராத்திக்கார அம்மா, நாங்கள் காகூ என்று கூப்பிடுகிறவர், என்னவோ ஏதோ என்று ஏறி வந்துவிட்டார். கையில் எள்ளுருண்டை. முந்தின நாள்தான் அவர்களுக்குச் சங்கராந்தி. எல்லோருக்கும் ஆளுக்கொன்று கொடுத்து, “தில்குள் க்யா, கோட் கோட் போலா” என்றார். எள்ளும் வெல்லமும் வாங்கிக்கொள், இனிமையாய்ப் பேசு என்று அர்த்தம். நாங்கள் பொங்கலோ பொங்கல் என்று கத்திக்கொண்டிருந்தோம். அவரும் சேர்ந்து கத்தினார்.

வழிந்ததும் முக்கால் லிட்டர் நீரை முகந்து ஒரு பாத்திரத்தில் ஊற்றிப் பக்கத்து அடுப்பிலோ தணலிலோ சூடாக வையுங்கள். இறுகினால் சேர்க்க உதவும். 300 கிராம் அரிசி, 75 கிராம் வறுத்த பாசிப்பருப்பு. அரிசியில் எனக்கு இந்திராயணிதான் பிடிக்கும். நம் பச்சரிசிக்கு இங்கே அலைய வேண்டாம். இது மகாராஷ்டிரத்து அரிசி, எந்தக் கடையிலும் கிடைக்கும், மணமாக இருக்கும், தானாகக் குழையும். பாஸ்மதி கூடவே கூடாது, உதிரியாக நிற்கும்.

வெல்லம் அரை கிலோ. அரிசி நசுங்குகிற பதம் வருவதற்கு முன் வெல்லத்தைச் சேர்க்காதீர்கள். சேர்த்துவிட்டால் அதற்கு மேல் அரிசி வேகாது, சில சமயம் பாலும் திரிந்துபோகும். கோலாப்பூர் வெல்லம் நன்றாக இருக்கும். ரொம்ப வெளுத்த மஞ்சளில் இருப்பதை விட்டுவிட்டுப் பழுப்பு நிறத்தை எடுங்கள். கரைத்து வடிகட்டிச் சூடாக ஊற்றுங்கள். இந்த நேரத்தில் விறகை இழுத்துவிட்டுத் தணலில் மட்டும் வைத்தால் அடிப்பிடிக்காது. மண்பானை அணைத்த பிறகும் சூட்டைப் பிடித்து வைத்திருக்கும், அதனால் கொஞ்சம் இளக்கமாக இருக்கும்போதே இறக்கிவிடுங்கள். நெய், முந்திரி, ஏலக்காய் எல்லாம் உங்கள் கை அளவு. பன்னிரண்டு பேருக்கு ஆளுக்கொரு கிண்ணம் வந்தது. 9 மணி லோக்கலைப் பிடிக்க வேண்டியவர்களும் சாப்பிட்டுவிட்டே போனார்கள்.

பிப்ரவரியில் சேர்த்தது

படித்துவிட்டுக் கேட்டவர்களுக்காக.

ஒருவர் தன் பானை தண்ணீர் ஊற்றியதுமே கசிந்து, அடுப்பில் வைத்ததும் உடைந்தது என்று படம் அனுப்பியிருந்தார். பார்த்தால் அது சுகட். சங்கராந்திக்காக ஜனவரியில் இங்கே எல்லா மார்க்கெட்டிலும் கருப்பிலும் சிவப்பிலும் ஐந்து ஐந்தாக விற்கும் சின்ன மண்குடம். கரும்புத் துண்டு, இலந்தைப்பழம், கொண்டைக்கடலை எல்லாம் போட்டுப் பூஜையில் வைப்பது. சமைக்க அது ஆகாது. பொங்கல் சமயத்தில் எளிதில் கண்ணில் படுவது அதுதான் என்பதால் ஏமாந்துவிடாதீர்கள்.

இண்டக்ஷன் அடுப்பில் வைக்கலாமா என்று மூன்று பேர் கேட்டார்கள். மண்பானை உலோகம் இல்லை, இண்டக்ஷனில் சூடேறவே ஏறாது. மாடி கிடைக்காதவர்கள் கேஸிலேயே வைக்கலாம். உருண்ட அடி ஆடாமல் இருக்க மேலே ஒரு இரும்பு வளையம் வைத்து, முதல் பதினைந்து நிமிஷம் சிம்மில் விடுங்கள். ஜன்னல் கிழக்கே பார்த்திருந்தால் நல்லது. இல்லாவிட்டால் பொங்கியதும் ஒரு கரண்டி எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்ச் சூரியனுக்குக் காட்டிவிட்டு வாருங்கள். கோவண்டியில் ஒரு சின்ன ரூமில் இருக்கும் என் சிநேகிதி அப்படித்தான் செய்தாள்.

பானையை சோப்புப் போட்டுக் கழுவாதீர்கள், மண் சோப்பைக் குடித்துவிடும். வெந்நீரில் ஊறவைத்து, கடலைமாவும் தேங்காய் நாரும் போட்டுத் தேய்த்து வெயிலில் காயவையுங்கள். ஜூனில் மழை தொடங்கினால் இந்த ஊரில் எல்லாமே பூஞ்சை பிடிக்கும். அதனால் பிளாஸ்டிக் கவரில் கட்டி வைக்காமல், உள்ளே செய்தித்தாளைச் சுருட்டிப் போட்டு, வாயைத் திறந்தபடி பரணில் வையுங்கள். அடுத்த தைக்குப் புதுப்பானைதான் வைப்போம். இந்தப் பானையை அத்தை ரசத்துக்கு எடுத்துக்கொண்டார்.