சேர்வராயன் மலைப் பாதைக்கு ஆல் டெரெய்ன் டயர்: வாங்குமுன் பார்க்க வேண்டியவை

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் பிரதான சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. அத்தனையும் தார்ச்சாலையில்தான் வருகின்றன. மலைக்குப் போகிறோம் என்ற ஒரே காரணத்துக்காக எஸ்.யூ.வி.க்கும் பிக்கப்புக்கும் பட்டன் டயர் (தடித்த ரப்பர் கட்டிகள், அதாவது பட்டன்கள், எடுப்பாக உள்ள டயர்) மாட்ட நினைப்பவர்கள் முதலில் கருத்தில் கொள்ள வேண்டியது இதுதான். வண்டி எவ்வளவு உயரம் ஏறுகிறது என்பதைவிட, ஏறிய பிறகு தார் முடியும் இடத்தில் அது நின்றுவிடுகிறதா, அதைத் தாண்டி எஸ்டேட்டின் மண் தடத்துக்குள் இறங்குகிறதா என்பதே டயரைத் தீர்மானிக்கிறது.

எஸ்.யூ.வி. டயர்கள் மூன்று வகைப்படும். எச்.டி. (H/T) என்று குறிக்கப்படுவது நெடுஞ்சாலைக்கானது. இதன் பட்டன்கள் நெருக்கமாக இருப்பதால் ரப்பர் பெருமளவு தார் மீது படிந்து ஓடும். எம்.டி. (M/T) என்பது ஆழமான சேற்றுக்கானது. பெரிய பட்டன்களும் அவற்றிடையே அகலமான இடைவெளிகளும் கொண்டது. இவ்விரண்டுக்கும் நடுவில் நிற்பது ஏ.டி. (A/T) எனப்படும் ஆல் டெரெய்ன். எச்.டி.யைவிட இதன் பட்டன்களுக்கு இடையிலான பள்ளங்கள் ஆழமானவை, தரையில் படியும் பரப்பு பக்கச்சுவரோடு சேரும் தோள்பட்டைப் பகுதி திடமானது, பல மாடல்களில் பக்கச்சுவரும் தடிமனாக இருக்கும். இந்த நன்மைகளுக்கு ஒரு விலை உண்டு. ஓடும்போது இரைச்சல் கூடும், டயரின் எடை கூடுவதால் மைலேஜ் சற்றுக் குறையும், எல்லாவற்றையும்விட முக்கியமாக, நனைந்த தார்ச்சாலையில் பிரேக் பிடித்தால் நல்ல எச்.டி. டயரைவிடச் சிறிது தள்ளியே வண்டி நிற்கும். மழைநாளில் வளைவுக்கு முன் வேகத்தைக் குறைக்கும் ஓட்டுநருக்கு இந்தச் சிறிது தூரம் அற்பமானதன்று.

ஆகவே, விடுமுறை நாளில் குடும்பத்தோடு ஏற்காடு ஏரி வரை சென்று திரும்புவதும், மற்ற நாட்களில் சேலம் நகருக்குள்ளும் பெங்களூரு, கோவை நெடுஞ்சாலைகளிலும் ஓடுவதுமே வண்டியின் வேலை என்றால், தரமான எச்.டி. டயரே பொருத்தமானது என்பது என் உறுதியான கருத்து. நாகலூர், செம்மநத்தம் போன்ற ஊர்களின் பக்கம் காப்பித் தோட்டத்துக்குள் வாரத்தில் பல நாட்கள் செல்பவர்களுக்கு ஏ.டி. வேண்டும். தார்ச்சாலையையே அரிதாகப் பார்த்து, தோட்டத்துக்குள்ளேயே உழலும் ஜீப்புக்கு மட்டும் எம்.டி.யைப் பரிசீலிக்கலாம்.

மலையின் பருவத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். அராபிகா காப்பியின் அறுவடை ஆண்டின் கடைசி மாதங்களில் சூடுபிடிக்கிறது. வடகிழக்குப் பருவமழை பெய்வதும் அதே காலத்தில்தான். தோட்டத் தடங்கள் மிக மோசமாக இருக்கும் சமயத்தில்தான் மூட்டைகளை இறக்கியாக வேண்டும். மலையின் செம்மண் நனைந்தால் களியாகிப் பட்டன்களுக்கு இடையில் அப்பிக்கொள்ளும். இடைவெளி அடைபட்ட டயர் வழுவழுப்பான மொட்டை டயரைப் போலவே வழுக்கும். எனவே கடையில் டயரை நிறுத்திவைத்துப் பார்க்கும்போது நடுப்பகுதியை மட்டும் பார்க்காமல், பள்ளங்கள் ஓரம்வரை திறந்திருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். தோள்பட்டையில் திறந்து முடியும் பள்ளம், சக்கரம் சுழலும்போது சேற்றை வெளியே உதறிவிடும். அதே சமயம் பட்டன்களின் மேற்பரப்பில் கத்தியால் கீறியதுபோன்ற மெல்லிய வெட்டுகள் போதுமான அளவில் இருக்க வேண்டும். நனைந்த தாரில் பிடிப்பைத் தருபவை அவைதாம். முரட்டுத்தனமான தோற்றத்துக்காக இந்த வெட்டுகள் குறைவாக உள்ள டயரைத் தேர்ந்தெடுப்பவர், தோட்டத்துக்குள் பெறுவதைக் கொண்டை ஊசி வளைவில் இழந்துவிடுவார்.

பள்ளத்தின் அடிப்பகுதியை விரலால் தடவிப் பாருங்கள். சில டயர்களில் அங்கே சிறு சிறு ரப்பர் மேடுகள் வரிசையாக இருக்கும். அவை அலங்காரத்துக்காக வைக்கப்பட்டவை அல்ல. உடைகல் பரப்பிய தடத்தில் ஓடும்போது ஒரு கூரான ஜல்லி இரண்டு பட்டன்களுக்கு இடையில் சிக்கிக்கொண்டால், ஒவ்வொரு சுற்றிலும் வண்டியின் எடை அதை உள்ளே அழுத்தும்; நாளடைவில் அது ரப்பரைத் துளைத்து எஃகுக் கம்பிப் படலம்வரை போய்விடும். அந்தத் துளை வழியாக நீர் இறங்கிக் கம்பி துருப்பிடித்தால், வெளியே பட்டன் நன்றாக இருக்கும்போதே டயரின் ஆயுள் முடிந்துவிடும். அந்த மேடுகள் கல்லை ஆழமாக இறங்கவிடாமல் வெளியே தள்ளுகின்றன. அவை இருந்தாலும்கூட, தோட்டத்திலிருந்து தார்ச்சாலைக்கு வந்ததும் ஒரு திருப்புளியால் சிக்கிய கற்களை நெம்பி எடுக்கும் பழக்கம் டயருக்கு மிகவும் நல்லது.

பக்கச்சுவரைப் பொறுத்தவரை, நடுவில் ஆணி ஏறினால் பஞ்சர் ஒட்டலாம். பக்கச்சுவரில் கல் கிழித்தால் டயரையே மாற்ற வேண்டும். குறுகிய தடத்தில் எதிரே வரும் வண்டிக்கு ஒதுங்கும்போது பாறை விளிம்பு உரசுவது பக்கச்சுவரைத்தான். எனவே ஒரே அளவில் இரண்டு ஏ.டி. டயர்கள் கிடைத்தால், பக்கச்சுவரில் கூடுதல் அடுக்கு உள்ளதையும், தோள்பட்டையிலிருந்து ரப்பர் கட்டிகள் பக்கவாட்டில் இறங்கி வருவதையும் தேர்ந்தெடுப்பது நல்லது.

அடுத்தது சுமை. தோற்றத்தைப் பார்த்து டயர் வாங்குபவர்கள் தவறவிடுவது இதைத்தான். அளவுக்குப் பின்னால் 112எஸ் என்பது போல அச்சிடப்பட்டிருக்கும். அதில் உள்ள எண் சுமைக் குறியீடு: 100 என்றால் ஒரு டயர் 800 கிலோ தாங்கும், 109 என்றால் 1,030 கிலோ, 112 என்றால் 1,120 கிலோ. பிக்கப் டயர்களில் 106/104 என்று இரட்டை எண் இருந்தால், முதலாவது ஒரு பக்கத்துக்கு ஒற்றைச் சக்கரம் மாட்டும்போதும், இரண்டாவது அங்கேயே இரட்டைச் சக்கரம் மாட்டும்போதும் உரியது. கம்பெனி கொடுத்த டயரின் குறியீட்டைவிடக் குறைந்த எண்ணை, எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், ஏற்கக் கூடாது. இங்கே மலைக்கே உரிய ஒரு நிலைமையும் இருக்கிறது. காப்பியும் மிளகும் மலையிலிருந்து கீழே வருகின்றன. அதாவது வண்டி காலியாக ஏறி, பாரத்தோடு இறங்குகிறது. 50 கிலோ மூட்டைகள் 20 ஏற்றினாலே ஒரு டன் ஆகிவிடும். இறக்கத்தில் பிரேக் பிடிக்கும்போது அந்தப் பாரத்தின் ஒரு பகுதி முன்சக்கரங்களுக்குச் சாய்கிறது. பின்டயர் பாரம் தாங்கினால் போதும் என்று எண்ணி முன்னால் பழைய டயரை ஓட்டிவிடுவது, வளைவில் திரும்ப வேண்டிய சக்கரங்களையே பலவீனப்படுத்துவதாகும்.

எண்ணை அடுத்து வரும் எழுத்து அதிகபட்ச வேகத்தைக் குறிக்கும். எஸ் என்றால் 180, டி என்றால் 190, எச் என்றால் 210 கிலோமீட்டர். அந்த வேகத்தில் யாரும் ஓட்டப்போவதில்லை. ஆயினும் இந்த எழுத்து வெப்பத்தைத் தாங்கும் திறனையும் காட்டுவதால், 40 டிகிரியை நெருங்கும் சேலத்துச் சித்திரை வெயிலை நினைத்து, கம்பெனி குறிப்பிட்ட எழுத்துக்குக் கீழே போகாமல் இருப்பது நல்லது.

பெரிய டயர் மாட்டும் ஆசை பலருக்கு உண்டு. பொலேரோவின் 215/75 ஆர்15 டயரின் விட்டம் சுமார் 703 மி.மீ.; அதற்குப் பதிலாக 235/75 ஆர்15 மாட்டினால் விட்டம் சுமார் 733 மி.மீ. ஆகும், அதாவது நான்கு சதவீதத்துக்கும் மேல் கூடும். ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது வண்டி முன்பைவிட நான்கு சதவீதம் வேகமாக ஓடிக்கொண்டிருக்கும். அதைவிடப் பெரிய இழப்பு ஏற்றத்தில் தெரியும். விட்டம் கூடினால் ஒவ்வொரு கியரும் நீண்டுவிடுவதால், முன்பு இரண்டாவது கியரில் எளிதாக ஏறிய வளைவில் என்ஜின் திணறும். இறக்கத்தில் கியரில் வைத்தே வேகத்தைக் கட்டுப்படுத்தும் என்ஜின் பிரேக்கின் பிடியும் அந்த அளவுக்குக் குறையும். சக்கரத்தை முழுவதும் திருப்பும் கொண்டை ஊசி வளைவில் டயர் மட்கார்டு லைனரில் உரசுவதும் உண்டு. வண்டியின் அமைப்பை உற்பத்தியாளர் குறிப்பிட்டதிலிருந்து மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது. விபத்து நேர்ந்தால் காப்பீட்டிலும் கேள்வி எழலாம். எனவே அதே மாடலின் ஏதேனும் ஒரு வேரியன்ட்டுக்குக் கம்பெனியே கொடுக்கும் அளவோடு நின்றுகொள்வதே சரியானது.

பிராண்டுகளைப் பொறுத்தவரை ஓர் எச்சரிக்கை மட்டும் போதும். அப்போலோ ஆப்டெரா, யோகோஹாமா ஜியோலேண்டர் போன்ற ஒரே பெயரில் எச்.டி.யும் ஏ.டி.யும் வருகின்றன. பெயரை மட்டும் சொல்லி ஆர்டர் கொடுக்காமல், பெயருக்குப் பின்னால் உள்ள எழுத்துகளை டயரின் மீதே படித்துப் பார்க்க வேண்டும். ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்பதையும், தயாரிப்புத் தேதியையும் அங்கேயே பாருங்கள். நான்கு இலக்கங்களில் முதல் இரண்டு வாரத்தையும் அடுத்த இரண்டு ஆண்டையும் குறிக்கும். 2325 என்றால் 2025-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். தள்ளுபடியில் வரும் பழைய டயரைவிடச் சில மாதங்களுக்கு முன் வந்த டயருக்கு முழு விலை கொடுப்பது மேல்.

நான்கு சக்கர இயக்கம் உள்ள வண்டிக்கு நான்கையும் ஒன்றாக மாற்ற வேண்டும். முன்னும் பின்னும் விட்டம் மாறுபட்டால், என்ஜினின் விசையை முன்பின் சக்கரங்களுக்குப் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் கேஸ் பாதிக்கப்படும். ஸ்டெப்னியும் அதே அளவில் இருக்கட்டும்.

காற்றைப் பற்றி ஒரு சந்தேகம் அடிக்கடி எழுகிறது: சேலத்தில் பிடித்த காற்றை மலையில் குறைக்க வேண்டுமா? ஏறத்தாழ 1,200 மீட்டர் மேலே போகும்போது வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால், கேஜில் இரண்டு பி.எஸ்.ஐ. அளவுக்குக் கூடித் தெரியும்; மலையின் குளிர்ச்சி அதே அளவுக்கு நெருக்கமாக அதைக் குறைத்துவிடும். ஒன்றை ஒன்று ஈடுசெய்வதால் எதையும் மாற்ற வேண்டியதில்லை. காலையில், டயர் குளிர்ந்திருக்கும்போது பார்த்த அளவே சரியான அளவு. பாரமில்லாத வண்டி சேற்றில் சிக்கினால் 25 பி.எஸ்.ஐ. வரை இறக்கி மெதுவாக வெளியேறலாம். தார்ச்சாலைக்கு வந்தவுடன் மீண்டும் நிரப்பியாக வேண்டும் என்பதால், சிறிய கம்ப்ரஸர் ஒன்று வண்டியில் இல்லாதவர் காற்றை இறக்கவே கூடாது.

மலையில் ஓடும் வண்டியின் முன்டயர்களில் வெளித்தோள்பட்டை விரைவாகத் தேயும். உள்ளங்கையால் டயரின் குறுக்கே தடவினால், ஒரு திசையில் வழவழப்பாகவும் எதிர்த்திசையில் ரம்பப் பற்களாகவும் தட்டுப்படும். அப்படித் தட்டுப்பட்டால் அலைன்மென்ட் பார்த்து, டயர்களை முன்பின்னாக மாற்ற வேண்டும். பொதுவாக 8,000 முதல் 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை இப்படி இடம் மாற்றுவது போதுமானது. தேய்மான எல்லை, அதாவது மிச்சமிருக்க வேண்டிய பள்ளத்தின் ஆழம், சட்டப்படி 1.6 மி.மீ.; ஆனால் மழையில் மலையேறுபவர் 3 மி.மீ.யிலேயே புது டயருக்கு ஏற்பாடு செய்வது நல்லது.

புது டயரின் மேற்பரப்பில் அச்சிலிருந்து எடுப்பதற்காகத் தடவிய வழுக்கும் பூச்சு மிச்சமிருக்கும். முதல் சில நூறு கிலோமீட்டரைச் சமவெளியில் நிதானமாக ஓட்டி அது தேய்ந்த பிறகே மலையேறுங்கள். மாட்டிய 100 கிலோமீட்டருக்குள் வீல் நட்டுகளை, விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச்சால் மீண்டும் ஒருமுறை முடுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள்.