மலையோட்டக் காலணியின் அளவை இன்சோலில் பாருங்கள்

நெடுந்தூர மலையோட்டத்திற்குக் காலணி வாங்கும்போது, அதனுள்ளிருக்கும் இன்சோலை (பாதத்தின் அடியில் வரும் உள்மெத்தையை) வெளியே எடுத்துத் தரையில் வைத்து, ஓடும்போது அணியும் அதே காலுறையுடன் அதன்மேல் முழு எடையையும் ஊன்றி நின்று பாருங்கள். குதிகால் பின்விளிம்போடு பொருந்தியிருக்க, மிக நீண்ட விரலுக்கு (பலருக்கு அது பெருவிரல் அன்று, அடுத்த விரல்) முன்னால் ஒரு கைக் கட்டைவிரல் அகலத்திற்கு இடம் இருக்க வேண்டும். பாதம் பக்கவாட்டில் விளிம்பைத் தாண்டி வழிந்தால், எவ்வளவு தள்ளுபடி கிடைத்தாலும் அந்தக் காலணி வேண்டாம்.

பல மணி நேர ஓட்டத்தில் பாதம் வீங்கும். இறக்கங்களில் அது காலணிக்குள் முன்னோக்கி நகர, விரல்நுனிகள் இடிபட்டு நகங்கள் கறுக்கும். ஆல்ப்ஸ் தொடரிலுள்ள மோன் பிளாங்க் மலையைச் சுற்றி, பிரான்சின் ஷமோனியில் தொடங்கி அங்கேயே முடியும் யூ.டி.எம்.பி. என்னும் மலையோட்டப் போட்டியில், ஏறத்தாழ 170 கிலோமீட்டருக்குள் சுமார் 10,000 மீட்டர் ஏற்றமும் அதே அளவு இறக்கமும் இருப்பதை எண்ணிப் பார்த்தால், அந்தச் சிறு இடைவெளியின் மதிப்பு விளங்கும். பாதம் சற்றுப் பெருத்திருக்கும் மாலை வேளையில் சோதிப்பது இன்னும் நல்லது.

இன்சோல் ஒட்டப்பட்ட காலணிகளுக்கு இம்முறை உதவாது. செங்குத்தான குறுகிய தூர ஓட்டங்களுக்கு இதைவிட இறுக்கமான பொருத்தமே ஏற்றது. குதிகால் பிடிப்பையும் மேற்புறத்தின் உயரத்தையும் இன்சோல் காட்டாது என்பதால், காலணியை அணிந்து ஒரு சரிவில் இறங்கியும் பார்த்துவிடுங்கள்.