வீராணம் ஏரிக்கரையில் விடியல் படம்: சூரியனுக்கு முதுகு காட்டி எடுப்பது எப்படி?

ஏரியில் விடியலைப் படம் எடுக்கப் போகிறவர்கள் முதலில் பார்ப்பது சூரியன் எந்தப் பக்கம் எழும் என்பதைத்தான். காவிரிப் படுகையில் அப்படித் தேடினால் ஏரியை விட்டுத் திரும்பி நிற்க வேண்டி வரும். இங்கே நிலம் மேற்கிலிருந்து கிழக்கே கடலை நோக்கிச் சரிகிறது. வரும் தண்ணீரைத் தேக்க வேண்டுமானால் கரையைக் கிழக்கில்தான் போட வேண்டும். கடலூர் மாவட்டத்தில் உள்ள சோழர் காலத்து வீராணமும் அப்படித்தான். தெற்கு வடக்காக நீண்ட பெருங்கரை, அதற்கு மேற்கே தண்ணீர், கிழக்கே பாசன வயல்கள்.

புதிதாகப் பழகுகிறவர்களுக்கு இது பெரிய வசதி. சூரியனுக்கு நேராக எடுத்தால் வானம் வெளுத்துப்போகும், தண்ணீர் கறுத்துவிடும். மேற்கே பார்த்து எடுத்தால் வானத்துக்கும் தண்ணீருக்கும் வெளிச்ச வித்தியாசம் குறைவு. விலை கூடிய ஃபில்டர் எதுவும் வேண்டாம், சாதாரணக் கேமராவே போதும்.

1. நாளும் இடமும்

கொள்ளிடத்துக் கீழணையிலிருந்து வடவாறு வழியாக வீராணத்துக்குத் தண்ணீர் வருகிறது. வடகிழக்குப் பருவமழையும் சேர்ந்துகொள்வதால் ஐப்பசி முதல் தை வரை போவது நல்லது. ஏரியின் முழு மட்டம் 47.50 அடி. நாளிதழில் வரும் நீர்மட்டம் அதை நெருங்கியிருந்தால் தண்ணீர் கரையைத் தொட்டு நிற்கும். மட்டம் இறங்கியிருந்தால் சேறும் கோரையும்தான் முன்னால் தெரியும். அதையும் எடுக்கலாம், ஆனால் அது வேறு படம்.

முதல் நாள் சாயங்காலமே போய்க் கரையில் நடந்து பாருங்கள். சேத்தியாத்தோப்பிலிருந்து லால்பேட்டைப் பக்கம் போகும் சாலை கரையை ஒட்டியே செல்கிறது. நீங்கள் தேட வேண்டியது படத்தின் முன்பகுதிக்கு ஒரு பொருள்: தண்ணீருக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் மதகு, கட்டிப்போட்ட படகு, ஊதாப் பூப்பூத்த நெய்வேலிக் காட்டாமணக்குப் புதர். அக்கரை பல கிலோமீட்டர் தள்ளி மெல்லிய கோடாகத்தான் தெரியும். அருகில் ஒன்று இல்லாவிட்டால் படம் வெறும் இரண்டு பட்டையாக நின்றுவிடும். நான் எப்போதும் மதகைத்தான் தேர்ந்தெடுப்பேன். துருவேறிய திருகுக் கம்பியும், அதன் அடியில் தண்ணீர் சுழித்து நிற்பதும் போதும், இது பாசன ஏரி என்று படமே சொல்லிவிடும்.

2. இருட்டிலேயே தயாராகுங்கள்

சூரிய உதயத்துக்கு முக்கால் மணி நேரம் முன்னால் இடத்தில் இருக்க வேண்டும். தை மாதத்தில் உதயம் ஏறக்குறைய 6.35-க்கு. டார்ச் கட்டாயம், கரைச் சரிவில் பனி ஈரம் வழுக்கும், புல்லில் பாம்பும் இருக்கலாம். முக்காலியை ஒருபோதும் தார்ச்சாலையில் ஊன்றாதீர்கள். விடியற்காலை லாரிகள் வேகமாக வரும்.

கேமராவில் செய்ய வேண்டியவை: ஐஎஸ்ஓ (ஒளியை உணரும் அளவு) 100, லென்ஸ் திறப்பு எஃப்/8, ரா ஃபைல் (கேமரா திருத்தாத மூலப் படம்), ஒயிட் பேலன்ஸ் (நிறச் சமநிலை) 'டேலைட்'. ஆட்டோவில் விட்டால் விடியலின் நிறத்தையே கேமரா திருத்திவிடும். பட்டனை அழுத்தும்போது ஆடாமல் இருக்க இரண்டு வினாடி டைமர் வையுங்கள். இருட்டில் ஆட்டோ ஃபோகஸ் தடுமாறும். 18 மி.மீ. லென்ஸ் என்றால் இரண்டு மூன்று மீட்டர் தள்ளியிருக்கும் மதகுச் சுவரில் டார்ச் அடித்து ஃபோகஸ் செய்து, அப்புறம் மேனுவலுக்கு மாற்றிவிடுங்கள். மதகும் அக்கரையும் இரண்டுமே போதிய தெளிவோடு விழும்.

3. இளஞ்சிவப்புப் பட்டை

இதற்காகத்தான் இவ்வளவு சீக்கிரம் எழுந்து வந்தோம். மேகமில்லாத நாளில், உதயத்துக்குக் கால் மணி நேரம் முன்பு மேற்கு அடிவானத்தைப் பாருங்கள். சாம்பல் கலந்த நீலத்தில் ஒரு பட்டை, அதன் மேல் இளஞ்சிவப்பாக இன்னொரு பட்டை. கீழே உள்ள நீலம் பூமியின் நிழல்; வளிமண்டலத்தின் மேலேயே விழுந்து கிடக்கிறது. அதற்கு மேலே இருப்பது, சிவந்த கதிர்கள் பட்டுத் திரும்பும் காற்று. வீனஸ் பட்டை என்று இதற்குப் பெயர். சூரியன் மேலே வர வர நீலம் அடிவானத்துக்குள் இறங்கும், சிவப்பு வெளிறும், பத்துப் பதினைந்து நிமிடத்தில் இரண்டுமே போய்விடும். காற்று அடங்கியிருந்தால் இரண்டும் தண்ணீரிலும் தலைகீழாகத் தெரியும்.

ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தை ஒரு வினாடியில் தொடங்குங்கள். வெளிச்சம் ஏற ஏற அரை, கால், எட்டில் ஒரு வினாடி என்று குறைத்துக்கொண்டே வாருங்கள். ஒவ்வொரு படத்துக்கும் ஹிஸ்டோகிராமை, அதாவது படத்தின் வெளிச்சத்தைக் காட்டும் வரைபடத்தைப் பாருங்கள். அது வலது ஓரத்தில் முட்டக் கூடாது, முட்டினால் வானம் வெளுத்துவிடும். பிம்பம் தெளிவாக இருந்தால் அடிவானக் கோட்டை நட்டநடுவில் வைக்கலாம், தப்பில்லை. அலை அடித்தால் கோட்டை மேலே ஏற்றி மதகுக்கு இடம் கொடுங்கள். கோடு சாயாமல் இருக்கிறதா என்பதை மட்டும் ஒவ்வொரு தடவையும் கவனியுங்கள். இவ்வளவு நீளமான நீர்ப்பரப்பில் சிறு சாய்வும் கண்ணை உறுத்தும்.

4. சூரியன் வந்த பிறகு

இப்போது முதுகுப் பக்கமிருந்து மஞ்சள் வெயில் மதகிலும் நாணலிலும் விழும். கூடவே உங்கள் நிழலும் முக்காலியின் நிழலும் படத்துக்குள் நீளும். குத்துக்கால் போட்டு உட்காருங்கள், அல்லது கேமராவை வடக்காகவோ தெற்காகவோ திருப்பிக் கரையின் நீளத்தை எடுங்கள். பக்கவாட்டில் வெயில் படும்போது கரையின் கல்லும் புல்லும் மேடு பள்ளத்தோடு தெரியும். பளபளப்பைக் குறைக்கும் போலரைசர் ஃபில்டர் இருந்தால் அப்போது மாட்டுங்கள். மேற்கே பார்க்கும்போது அதனால் பயன் குறைவு.

பிறகு முழுசாகத் திரும்பிக் கிழக்கே பாருங்கள். வயல்கள் கரையைவிடத் தாழ்வாக இருப்பதால் மார்கழி, தை மாதங்களில் மூடுபனி அங்கேதான் தங்கும். பனிக்கு மேல் தென்னந்தலைகள் மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும். வெள்ளைப் பனியைக் கேமரா சாம்பலாக்கிவிடும், எனவே படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் காம்பென்சேஷனை +1 வரை ஏற்றுங்கள். ஏரியே தெரியாத அளவு பனி மூடிய நாளிலும் வீடு திரும்ப வேண்டாம். கோரைத் தாளில் தொங்கும் பனித்துளி, அருகில் நிற்கும் ஒற்றைக் கொக்கு என்று கைக்கெட்டிய தூரத்தில் எடுங்கள். கொக்கு நகரும், அதற்கு ஐஎஸ்ஓவைக் கூட்டி ஷட்டரை வேகப்படுத்த வேண்டும்.

லென்ஸில் பனி படிகிறதா என்று அடிக்கடி டார்ச் அடித்துப் பார்த்து மைக்ரோஃபைபர் துணியால் துடையுங்கள். ஏசி அறையிலிருந்து நேராகக் கொண்டுவந்தால் கண்ணாடி உடனே மங்கும். கேமராவைப் பைக்குள்ளேயே விட்டு, பையை அரை மணி நேரம் வெளியில் வைத்திருந்து அப்புறம் எடுங்கள்.

5. போன் மட்டும் இருந்தால்

இதே இடம், இதே நேரம்தான். லென்ஸைத் துடையுங்கள், சின்ன முக்காலியில் வையுங்கள், திரையில் அக்கரையைத் தொட்டு அழுத்தி எக்ஸ்போஷரைப் பூட்டிக் கொஞ்சம் குறையுங்கள். டிஜிட்டல் ஜூம் வேண்டாம்.

கணினியில் திருத்தும்போது நிறச்செறிவை அதிகம் ஏற்றாதீர்கள். இளஞ்சிவப்பு சாயம் பூசியதுபோல ஆகும், பூமியின் நிழலும் ஊதாவாகிவிடும். அடிவானக் கோட்டை நேராக்கி, நிழல் பகுதியைக் கொஞ்சம் வெளிச்சமாக்கினால் போதும்.