கட்டங்களை இழுத்து ஒரு புகையிரதக் கடவை செய்வோம்: ரோபோட்டிக்ஸில் முதல் அடி

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கம் வளரும் பிள்ளைகளுக்குக் கடலோரம் ஓடும் ரயில் பழகிய ஒன்று. அதனால் ரோபோட்டிக்ஸ் தொடங்க ஒரு கடவைக் கதவையே சொல்வேன்: பொம்மை ரயில் கிட்ட வந்தால் கதவு தானாக மூட வேண்டும், சிவப்பு விளக்கு எரிய வேண்டும்.

உடனே காசு செலவழிக்காதீர்கள். டிங்கர்கேட் தளத்தில் இலவசக் கணக்கு திறந்து, சர்க்கிட்ஸ் பகுதிக்குப் போங்கள். ஆர்டுயினோ ஊனோ (மற்றவற்றை இயக்கும் சிறிய கணினிப் பலகை), எல்ஈடி விளக்கு, சொன்ன பாகைக்குத் திரும்பும் சிறிய சேர்வோ மோட்டர், தூரத்தை அளக்கும் அல்ட்ராசோனிக் சென்சர் எல்லாம் திரையிலேயே கிடைக்கும். கட்டளைகளும் அங்கே கட்டங்களாக இருக்கும், இழுத்து அடுக்கினால் போதும். அங்கே ஓடிய பிறகு சாமான் வாங்கப் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவுக்குப் போகலாம்.

முதலில் எல்ஈடி மட்டும். நீளக் காலை 220 ஓம் தடையி வழியாகப் பலகையின் 8ஆம் பின்னுக்கும் (வயர் செருகும், இலக்கமிட்ட துளை), குட்டைக் காலை கிரவுண்டுக்கும் (GND என்று எழுதிய துளை) கொடுங்கள். தடையியில் சிவப்பு, சிவப்பு, மண்ணிறம் என்று கோடுகள் இருக்கும். அதை விட்டுவிட்டால் எல்ஈடியோடு பலகையின் பின்னும் கெடலாம். 8ஆம் பின்னை எரிய விடும் கட்டத்தை மட்டும் வைத்து ஓட விடுங்கள். எரிகிறதா? சரி, அடுத்தது சேர்வோ: மண்ணிற வயர் கிரவுண்டுக்கு, சிவப்பு 5 வோல்ட்டுக்கு, செம்மஞ்சள் 9ஆம் பின்னுக்கு. அப்புறம் சென்சர்: அதன் கால்களில் டிரிக் (TRIG) 10இல், எக்கோ (ECHO) 11இல், மற்ற இரண்டில் VCC 5 வோல்ட்டுக்கு, GND கிரவுண்டுக்கு. ஒவ்வொன்றையும் தனியாகச் சோதித்துவிட்டே அடுத்ததற்குப் போங்கள். மூன்றையும் ஒன்றாக மாட்டினால் பிழை எங்கே என்று தேடியே பிள்ளை களைத்துவிடும்.

இனி கட்டளைக் கட்டங்கள். எப்போதும் ஓடும் பகுதிக்குள் இந்த ஒழுங்கில் அடுக்குங்கள்:

தூரம் 15 செ.மீ.க்குக் குறைவு என்றால்
– 8ஆம் பின்னை எரிய விடு
– சேர்வோவை 0 பாகைக்குத் திருப்பு
– 2 செக்கன் காத்திரு
இல்லையென்றால்
– 8ஆம் பின்னை அணை
– சேர்வோவை 90 பாகைக்குத் திருப்பு

அந்த 2 செக்கன் மிக முக்கியம். அது இல்லாவிட்டால், இரண்டு பெட்டிகளுக்கு நடுவில் உள்ள இடைவெளியைச் சென்சர் பார்த்ததும் ‘ரயில் போய்விட்டது’ என்று கதவு திறக்கும், மறுகணம் மூடும். ஏன் படபடக்கிறது என்று பிள்ளையையே யோசிக்க விடுங்கள். விடையைச் சொல்ல அவசரப்பட வேண்டாம்.

உண்மையான பலகைக்கு மாற்றுவது சுலபம். கட்டங்களுக்குப் பக்கத்தில் எழுத்து வடிவத்தையும் காட்டச் சொல்லி, அதைப் பிரதி எடுத்து ஆர்டுயினோ மென்பொருளில் ஒட்டி, யூஎஸ்பி வயரால் ஏற்றுங்கள். கதவுக் கையைச் சேர்வோவில், அது 0 பாகைக்கு வந்து நின்ற பிறகு கிடையாக மாட்டுங்கள்.

சேர்வோ திரும்பும்போது பலகை அணைந்து அணைந்து எரிந்தால், யூஎஸ்பி கொடுக்கும் மின்சாரம் போதவில்லை. சேர்வோவின் சிவப்பு வயரைப் பலகையிலிருந்து கழற்றி, நான்கு ஏஏ பற்றரிகளின் நேர்முனைக்குக் கொடுங்கள். பற்றரியின் எதிர்முனையையும் பலகையின் கிரவுண்டையும் கட்டாயம் இணைக்க வேண்டும், இல்லாவிட்டால் சேர்வோ சொன்னபடி திரும்பாது. ரயிலே இல்லாமல் கதவு மூடியபடி நின்றால் எக்கோ வயரைப் பாருங்கள். அது கழன்றிருந்தால் தூரம் பெரும்பாலும் 0 என்றே வரும். 0 எப்படியும் 15ஐ விடக் குறைவுதானே.