மாசம் ஒரு கட்டம்: போயாவுக்குப் போயா தச்சு வருஷ முடிவுல ஒரு குயில்ட் போர்வை

நுவரெலியா, ஹட்டன், தலவாக்கலை பக்கம் இருக்கிறவங்களுக்கு போர்வையோட அருமைய யாரும் சொல்லித் தரத் தேவையில்ல, ஜனவரி ராத்திரியில புல்லு மேல உறைபனி விழுற ஊரு இது. கடையில போர்வை வாங்கலாம்தான், ஆனா அம்மாவோட பழைய சீலை, தம்பியோட ஸ்கூல் சட்டை, தாத்தாவோட சாரம்னு வீட்டுல கிடக்கிற துணியையே வெட்டி கலர் கலரா சேத்து தச்ச குயில்ட்ட போத்திக்கிறது தனி சந்தோஷம். முழுப் போர்வையையும் ஒரே மூச்சுல தைக்கப் போனா இடமும் பத்தாது நேரமும் பத்தாது, அதனால மாசத்துக்கு ஒரே ஒரு கட்டம், அதாவது துண்டுகள் சேத்து தச்ச ஒரு சதுரம் மட்டும் தைங்க. தோட்டத்து லயத்து வீட்டுல ஒரு சின்ன மேசை போதும், வேலை முடிஞ்சதும் மடிச்சு பேக்ல வச்சிரலாம்.

நாள் எதுன்னு கேட்டா பௌர்ணமி வாற போயா நாள்தான் தோதான நாள், மாசா மாசம் லீவு தானா வருது, கலண்டர்லயும் போட்டிருக்கு. ஜனவரியில வாற துருத்துப் போயாவுல ஆரம்பிச்சா டிசம்பர்ல வாற உந்துவப் போயாவுக்கு 12 கட்டம் ரெடி. சில வருஷம் 13 போயா வரும், அந்த ஒண்ணுல ஒரு குஷன் கவர் தச்சிருங்க.

அமெரிக்காவுல அலபாமா மாநிலத்துல ஜீஸ் பெண்ட்னு ஒரு ஊரு இருக்கு, பருத்தித் தோட்டத்துல அடிமையா வேலை செஞ்சவங்களோட வம்சத்துல வந்த மக்கள் அங்க இருக்காங்க. அந்தப் பொம்பளைங்க நஞ்சுபோன வேலை உடுப்புகள வெட்டி, குளிருக்குப் போத்திக்கத் தச்ச போர்வைகள 2002ல நியூயார்க்ல விட்னி மியூசியத்துல சுவத்துல மாட்டி கண்காட்சி வச்சாங்க, 2006ல அந்த டிசைன்கள் அமெரிக்க தபால் முத்திரையிலயும் வந்துச்சு. தோட்டத்துல பொறந்து வளந்த நமக்கு இது சும்மா கேட்டுட்டுப் போற செய்தி இல்ல. நம்ம வீட்டுப் பழந்துணிக்கும் அதே மதிப்பு இருக்குன்னு நான் முழுசா நம்புறேன், அதனால புதுத்துணி வாங்க ஓடாம முதல்ல வீட்டு அலுமாரியத் திறந்து பாருங்க.

துணின்னா காட்டன்தான் எடுக்கணும். சீத்தை, காட்டன் சாரம், வேட்டி, வாயில் சீலை, ஸ்கூல் யூனிபோம் வெள்ளை எல்லாம் பாவிக்கலாம். யூனிபோம் வெள்ளை ரொம்ப உதவும், எல்லா கட்டத்துலயும் வெளிர் பின்னணி ஒண்ணு வேணும்ல, ஆனா அதுல பொலியஸ்டர் கலந்தும் வரும், பாத்து எடுங்க. சந்தையில கிலோ கணக்குல விக்கிற கார்மென்ட் வெட்டுத்துண்டும் நல்லதுதான், இழுத்தா நீளுற டீ சேட் துணிய மட்டும் ஒதுக்கிருங்க, அத மத்த துணியோட சேத்தா கட்டம் அலை அலையா வரும். காட்டனா பொலியஸ்டரான்னு தெரியலன்னா ஒரு நூல உருவி, தண்ணி ஊத்தின பீங்கானுக்கு மேல குறடுல பிடிச்சு கொளுத்திப் பாருங்க, காட்டன் கடதாசி எரியிற வாசத்தோட சாம்பலாப் போகும், பொலியஸ்டர் உருகி கெட்டியான மணியா நிக்கும். சீலை ரொம்ப மெல்லிசா இருந்தா பழைய வேட்டித் துணிய அடியில வச்சு ஓரத்துல நூல் ஓட்டி, ரெண்டையும் ஒரே துணியா நெனச்சு வெட்டுங்க.

வெட்டுறதுக்கு முன்னாடி எல்லாத்தையும் துவைக்கணும், புதுசுன்னா கட்டாயம் துவைக்கணும் ஏன்னா காட்டன் சுருங்கும். சிவப்பு, கருநீலம், கரும்பச்சை மூணையும் தனித்தனியா வெள்ளைத் தட்டுல தண்ணி ஊத்தி அரை மணித்தியாலம் ஊறப் போட்டுப் பாருங்க. தண்ணியில சாயம் இறங்குனா திரும்பத் திரும்ப அலசுங்க, தெளியவே இல்லன்னா அந்தத் துணி இந்த வேலைக்கு வேணாம். உப்புத் தண்ணியில போட்டா சாயம் நிக்கும்னு பெரியவங்க சொல்வாங்க, கடைச் சாயத் துணிக்கு அத நம்பி வெள்ளைக்குப் பக்கத்துல வச்சிராதீங்க.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வாறேன், இத மட்டும் சரியாப் புடிச்சிட்டீங்கன்னா மத்தது எல்லாம் தானா வரும். தையல் ஓரம், அதாவது தையலுக்கும் துணி ஓரத்துக்கும் நடுவுல விடுற இடம், கால் இஞ்ச். எல்லா இடத்துலயும் கால் இஞ்ச், கூடவும் கூடாது குறையவும் கூடாது. சட்டை தைக்கிறவங்களுக்கு அரை இஞ்ச் விட்டுத் தச்சு கை பழகியிருக்கும், இங்க அது சரிவராது. ஒரு ஓரத்துல பதினாறுல ஒரு இஞ்ச் கூடுனா ஒரு தையலுக்கு ரெண்டு பக்கமும் சேந்து அரைக்கால் இஞ்ச் போயிரும். ஒன்பது துண்டு கட்டத்துல குறுக்க ரெண்டு தையல்தான், கால் இஞ்ச் குறையும், சமாளிச்சிரலாம். எட்டாவது மாசம் தைக்கப் போற லாக் கேபின் கட்டத்துல குறுக்க பத்து தையல் வரும், அங்க ஒண்ணேகால் இஞ்ச் காணாமப் போயிரும், அப்புறம் அது எந்தக் கட்டத்தோடயும் சேராது.

பழைய கறுப்பு சிங்கர் மெஷின் வீட்டுல இருந்தா கவலையே படாதீங்க, நேர்த்தையல் மட்டும் போடுற மெஷின்தான் இதுக்கு அருமை. ஆனா அதோட பாதத்து ஓரத்த நம்பித் தைக்காதீங்க, ஊசியில இருந்து பாதத்து ஓரம் வரைக்கும் சரியா கால் இஞ்ச் இருக்கும்னு சொல்ல முடியாது. அடிமட்டத்த ஊசிக்குக் கீழ வச்சு, ஊசிய கையால மெதுவா இறக்கி கால் இஞ்ச் கோட்டத் தொட வைங்க, அடிமட்டத்தோட வலது ஓரத்துக்கு ஒட்டி மெஷின் தட்டுல பிளாஸ்டர நாலஞ்சு மடிப்பா ஒட்டுங்க. துணி அந்தப் பிளாஸ்டர் சுவர உரசிக்கிட்டே போகும், கண்ணு ஊசியப் பாக்கவே வேணாம், சுவரத்தான் பாக்கணும். சரியா இருக்கான்னு பாக்க ஒண்ணரை இஞ்ச் அகலத்துல மூணு பட்டிய வரிசையா தச்சு அயன் பண்ணி அளங்க, மொத்தம் மூண்டரை இஞ்ச், நடுப் பட்டி சரியா ஒரு இஞ்ச் இருக்கணும். இல்லன்னா பிளாஸ்டர கொஞ்சம் நகத்தி திரும்பப் பாருங்க. தையல் நீளம் இஞ்சுக்கு பத்துல இருந்து பன்னெண்டு வந்தா போதும். கையால தைக்கிறவங்க பென்சில்ல கோடு போட்டு கோட்டு மேலயே நூல் ஓட்டுங்க, அதுவும் உறுதியா நிக்கும்.

முதல் மாசம் ஒன்பது துண்டு. எல்லா கட்டமும் தச்சு முடிஞ்சப்புறம் போர்வையில 12 இஞ்ச் வரணும், தனியா அளந்தா பன்னெண்டரை இருக்கணும். அதுக்கு நாலரை இஞ்ச் சதுரமா அஞ்சு கடும் கலர், நாலு வெளிர் கலர் வெட்டுங்க. பிஸ்கட் பெட்டி அட்டையில ஒரே ஒரு நாலரை இஞ்ச் சதுரம் துல்லியமா வெட்டி வச்சு, அதச் சுத்தி சோக்ல கோடு போட்டா ஒன்பதும் ஒரே அளவா வரும். கோடு போட்ட சாரம்னா இன்னும் லேசு, துணியோட கோட்டையே பிடிச்சு வெட்டலாம். கடுமும் வெளிரும் மாத்தி மாத்தி வச்சு மூணு மூணா மூணு வரிசை தச்சு, முதல் வரிசையிலயும் மூணாவதுலயும் தையல் ஓரத்த வலது பக்கம் சாய்ச்சு அயன் பண்ணுங்க, நடு வரிசையில இடது பக்கம். இப்ப ரெண்டு வரிசைய முகத்துக்கு முகம் வச்சா, ஓரங்கள் எதிர் எதிரா சாஞ்சிருக்கிறதால சந்திக்கிற இடத்துல ஒண்ணுக்குள்ள ஒண்ணு பூட்டிக்கும், ரெண்டு விரலால உருட்டிப் பாத்தா மேடு பள்ளம் இல்லாம சமமா தெரியும், அந்த இடத்துல குண்டூசி குத்தித் தச்சா நாலு மூலையும் ஒரே புள்ளியில சந்திக்கும். அந்தப் புள்ளிய முதல் தடவ பாக்குறப்ப வாற சந்தோஷத்துக்காகவே இந்த வேலையச் செய்யலாம்.

அயன் பண்றப்ப பெட்டிய இழுக்காதீங்க, தூக்கித் தூக்கி வைங்க, இழுத்தா துணி கோணும். கரண்ட் இல்லாத நேரம் சிரட்டைக்கரி போட்ட பெட்டியும் நல்லா வேலை செய்யும், வெள்ளைத் துணி மேல வைக்க முன்னாடி சாம்பல் பறக்காத மாதிரி வெளியில ஒரு தட்டு தட்டிக்கங்க.

ரெண்டாவது மாசம் ரெயில் ஃபென்ஸ்: ரெண்டரை இஞ்ச் பட்டி மூணு மூணா தச்சு ஆறரை இஞ்ச் சதுரமா நாலு வெட்டி, ஒண்ணு நிமிந்து ஒண்ணு படுத்து மாத்தி மாத்தி வச்சா முடிஞ்சிரும். லேசான வேலை, புது ஆளுக்கு தைரியம் வரும்.

மூணாவது மாசம் நட்சத்திரம், இங்கதான் முக்கோணம் படிக்கணும். முக்கோணமா வெட்டித் தைக்காதீங்க, குறுக்கால வெட்டின ஓரம் ரப்பர் மாதிரி நீளும். அஞ்சு இஞ்ச் சதுரம், கடும் கலர் ரெண்டு வெளிர் ரெண்டு வெட்டுங்க. ஒரு கடும், ஒரு வெளிர் முகத்துக்கு முகம் வச்சு, மூலைக்கு மூலை பென்சில் கோடு போட்டு, கோட்டுக்கு ரெண்டு பக்கமும் கால் இஞ்ச் தள்ளித் தச்சிட்டு அப்புறம் கோட்டு மேல வெட்டுனா ரெண்டு சதுரம் வரும், ஒவ்வொண்ணுலயும் பாதி கடும் பாதி வெளிர். அத நாலரை இஞ்சுக்கு செதுக்கணும், செதுக்கும்போது மூலைக்கோடு சரியா மூலையில விழுதான்னு பாருங்க. இப்படி நாலு, நடுவுக்கு கடும் கலர் நாலரை இஞ்ச் சதுரம் ஒண்ணு, மூலைக்கு வெளிர் நாலு. நாலு முக்கோணச் சதுரமும் ஒரே திசையில சுத்துற மாதிரி அடுக்கி ஃபோன்ல ஒரு படம் எடுத்துக்கங்க, தச்சுக்கிட்டு இருக்கும்போது ஒண்ணு திரும்பிப் போச்சுன்னா படத்தப் பாத்து சரி பண்ணலாம்.

அதே ஃபோன் கலர் தேர்வுக்கும் உதவும். துணிகள அடுக்கி கறுப்பு வெள்ளையில படம் எடுத்துப் பாருங்க. சிவப்புச் சீலையும் பச்சைச் சீலையும் கண்ணுக்கு எவ்ளோ வித்தியாசமா தெரிஞ்சாலும் படத்துல ரெண்டும் ஒரே சாம்பலா வந்தா நட்சத்திரம் பின்னணியில கரைஞ்சு போயிரும். நம்மூர்ல பின்னேரம் மூடுபனி இறங்கிட்டா கலர் சரியாத் தெரியாது, கலர் பாக்குற வேலைய காலையில ஜன்னல் பக்கமா முடிச்சிருங்க. மாசத்துக்கு ஏத்த கலர் வேணும்னா தை மாசத்துக்கு மஞ்சளும் பச்சையும், மாசியில காமன் கூத்து நேரம் சிவப்பு, மே மாசம் வெசாக் கூடு கலர்கள், தீபாவளிக்கு உங்க வீட்டுல யாருக்கு எந்தக் கலர் புடிக்குமோ அது.

நாலுல இருந்து ஏழு வரைக்கும் பின்வீல், சர்ன் டேஷ், ஃப்ளையிங் கீஸ், ஓஹியோ ஸ்டார்னு போங்க, எல்லாமே இதே சதுரமும் முக்கோணமும் இடம் மாறி வாறதுதான். எட்டாவது மாசம் லாக் கேபின், எனக்கு ரொம்பப் புடிச்சது. நடுவுல ரெண்டரை இஞ்ச் சிவப்புச் சதுரம், அது வீட்டுக்குள்ள எரியிற அடுப்புன்னு அமெரிக்காவுல சொல்லுவாங்க. சுத்தி ஒண்ணரை இஞ்ச் பட்டிகள், ரெண்டு பக்கம் வெளிர் ரெண்டு பக்கம் கடும். முதல் பட்டி ரெண்டரை நீளம், அடுத்தது ரெண்டும் மூண்டரை, நாலாவது நாலரை, இப்படியே ஒரே திசையில சுத்திக்கிட்டு அஞ்சு சுத்து வந்தா சரியா பன்னெண்டரை. மொத்தத்துக்கு வெளிர் பட்டி 70 இஞ்சும் கடும் பட்டி 80 இஞ்சும் வேணும், கொஞ்சம் கூடவே வெட்டி வைங்க. ஒவ்வொரு பட்டிக்கும் அப்புறம் அயன் பண்ணுங்க, சோம்பல் படாதீங்க. நஞ்சுபோன சீலையில கரையோரம் மட்டும் நல்லா இருக்கும்ல, அத இந்தப் பட்டிக்கு வச்சுப் பாருங்க, அவ்ளோ அழகா இருக்கும். மிச்ச நாலு மாசத்துக்கு உங்களுக்குப் புடிச்சத வேற கலர்ல திரும்பத் தைங்க, ஒரே கட்டம் ரெண்டு தடவ வந்தா போர்வை இன்னும் ஒத்துமையாத்தான் தெரியும்.

தச்ச கட்டங்கள மழைக்காலத்துல பத்திரமா வைக்கணும். ஹட்டன், மஸ்கெலியா பக்கம் மே மாசத்துல இருந்து ஈரம், பதுளை பக்கம் வருஷக் கடைசியில மழை, பொலித்தீன் பேக்குக்குள்ள இறுக்கிக் கட்டுனா பூஞ்சணம் பிடிச்சிரும். தலையணை உறைக்குள்ள போட்டு அலுமாரியில வைங்க, வெயில் வந்தா வெளிய எடுத்து உதறுங்க.

பன்னெண்டும் சேந்ததும் மூணுக்கு நாலா அடுக்கி, நடுவுலயும் சுத்தியும் ரெண்டரை இஞ்ச் பட்டி வச்சுத் தச்சா கடைசியா 44க்கு 58 இஞ்ச் வரும், பிள்ளைக்குப் போத்தப் போதும். பெரியவங்களுக்குன்னா சுத்தி ஆறு ஆறு இஞ்ச் கரை கூட்டுனா 56க்கு 70 ஆயிரும். உள்ளுக்கு பழைய மெல்லிசான கம்பளிப் போர்வையத் துவைச்சு வைக்கலாம், உள்ளுக்கு வைக்கிற பஞ்சு விரிப்பு, அதாவது வாடிங் வேணும்னா சோபா தைக்கிற கடையில கேட்டுப் பாருங்க. உள்ளுக்கு எதுவும் வேணாம்னாலும் பரவாயில்ல, கர்நாடகாவுல ஆப்பிரிக்க வம்சத்துல வந்த சித்திங்கிற மக்கள் கவாண்டின்னு ஒரு போர்வை தைக்கிறாங்க, பழைய சீலைய விரிச்சு அதுக்கு மேல துண்டுகள ஓரத்துல இருந்து நடுவுக்கு வாற மாதிரி கையாலயே ஓட்டிக்கிட்டு போவாங்க. அடிக்கு பழைய பெட்ஷீட், நாலு பக்கமும் மூணு இஞ்ச் கூடுதலா விடுங்க. மூணு படையையும் தரையில சுருக்கம் இல்லாம விரிச்சு ஊக்கு குத்தி, தடிச்ச நூல்ல நாலு இஞ்சுக்கு ஒரு இரட்டை முடிச்சு போட்டா போதும், அதுக்கே நல்லா நிக்கும்.

ஓரத்துக்கு ரெண்டரை இஞ்ச் பட்டி, 44க்கு 58 அளவுன்னா சுத்தளவு 204, மூலைக்கும் ஒட்டுக்கும் 12 சேத்து 216 இஞ்ச், அதாவது சரியா ஆறு யார். நீளத்துக்கு ரெண்டா மடிச்சு அயன் பண்ணி முன்பக்கம் மெஷின்ல தச்சு, பின்பக்கம் திருப்பி கையால ஒளிச்சுத் தைங்க. கழுவுறப்ப முதல் தடவ வேற உடுப்போட சேக்காம பச்சைத்தண்ணியில தனியா அலசுங்க, முறுக்கிப் பிழியாம அமத்தி தண்ணிய எடுங்க, ஈரத்துல கனமா இருக்கும், அதனால ரெண்டு கொடியில பரத்தி நிழல்ல போட்டுக் காய வைங்க.