கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கோடிங் சொல்லிக்கொடுப்பது

ஒன்றாம் வகுப்பு, இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு டேப்லெட்டில் கோடிங் சொல்லிக்கொடுக்கப் போகிறீர்கள் என்றால், முதலில் பழக வேண்டிய ஆள் நீங்கள்தான். உங்கள் விரல் அவர்கள் திரையில் படக்கூடாது. "இங்க குடு, நான் செஞ்சு காட்டுறேன்" என்று ஒரு தடவை வாங்கிவிட்டால் போச்சு, அந்தப் பிள்ளை வேடிக்கை பார்க்க ஆரம்பித்துவிடும், அப்புறம் திரையில் நடக்கவைக்கும் பூனை அரை அடி தள்ளி நின்றால்கூட டேப்லெட்டைத் தூக்கிக்கொண்டு உங்களிடம்தான் வரும். கும்பகோணத்துக்கும் பாபநாசத்துக்கும் நடுவில் எங்கள் ஊரில், வீட்டுத் திண்ணையில் சாயங்காலம் எட்டுப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு இதைச் செய்கிறேன். டேப்லெட் நாலு, அதில் ஒன்றுக்கு மூலையில் விரிசல். முதல் மாதம் முழுக்க நான் செய்த தப்பு இதுதான் என்பதால் இதை முதலில் சொல்லிவிட்டேன்.

நான் வைத்திருப்பது ஸ்கிராட்ச் ஜூனியர் என்ற ஆப். கட்டளைகள் கட்டைகளாக இருக்கும், அவற்றை ஒன்றோடு ஒன்று பூட்டினால் திரையில் இருக்கும் பூனை அதன்படி நடக்கும். டஃப்ட்ஸ் பல்கலைக்கழகமும் எம்ஐடியும் சேர்ந்து உருவாக்கியது, 2014இல் முதலில் ஐபேடுக்கு வந்தது, பிறகு ஆண்ட்ராய்டுக்கும் வந்தது. 5 முதல் 7 வயதுப் பிள்ளைகளை மனதில் வைத்துச் செய்தது, காசு கிடையாது. கட்டைகள் எல்லாம் படம்தான், எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாத பிள்ளையும் விளையாடலாம், ஆங்கிலம் பற்றிக் கவலையே வேண்டாம். தேடி இறக்கும்போது ஜூனியர் என்று இருக்கிறதா பாருங்கள். வெறும் ஸ்கிராட்ச் என்பது 8 வயதுக்கு மேல் உள்ளவர்களுக்கு. ஒருமுறை இறக்கிவிட்டால் நெட் வேண்டாம், அதனால் வகுப்பு நேரத்தில் விமானப் பயன்முறையைப் போட்டுவிடுங்கள். ஆண்ட்ராய்டு என்றால் அமைப்புகளில் ஸ்கிரீன் பின்னிங் என்று ஒன்று இருக்கும், அதையும் போட்டால் பிள்ளை அந்த ஆப்பை விட்டு லேசில் வெளியே போக முடியாது. இதைச் செய்யாத முதல் நாள் எட்டுப் பேரும் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள். சார்ஜை மத்தியானமே ஏற்றி வையுங்கள், சாயங்கால கரண்டை நம்பாதீர்கள். வருகிற பிள்ளை கையில் பஜ்ஜி எண்ணெய் இருக்கும், ஒரு ஈரத்துணியும் வேண்டும்.

டேப்லெட்டை எடுப்பதற்கு முன்னால் இரண்டு நாள் வாசலில்தான் பாடம். சுண்ணாம்பிலோ சாக்பீஸிலோ பாண்டி போடுவதுபோல் கட்டம் போடுங்கள், ஆனால் பெரிதாக, அஞ்சுக்கு அஞ்சு. ஒரு பிள்ளை எந்திரம், இன்னொரு பிள்ளை ஓட்டுகிறவர். சொன்னதை மட்டும்தான் எந்திரம் செய்யும், சொல்லாததைச் செய்யாது. "அங்க போ" என்றால் நகராது. இங்கே ஒரு சிக்கல் வரும்: இடது வலது. ஆறு வயதில் பாதிப் பிள்ளைகளுக்கு அது நிற்காது, அதிலும் எதிரே நிற்கிற பிள்ளையின் வலது கை எது என்றால் தலை சுற்றிவிடும். நான் ஒரு வாரம் கையில் நூல் கட்டிப் பார்த்தேன், பலன் இல்லை. பிறகுதான் உறைத்தது, எங்கள் பக்கம் பெரியவர்களே இடது வலது என்று பேசுவதில்லை. "கெழக்கால தள்ளி உக்காரு", "தெக்கால போற வாய்க்கா", "மேலக்கரை" என்பதுதான் பேச்சு, திண்ணையில் உட்கார்ந்திருக்கும் ஆயா முதல் பால்வாடிக் குழந்தை வரை. அதனால் விளையாட்டிலும் கிழக்கே மூணு, வடக்கே ரெண்டு என்று மாற்றினேன், ஒரே நாளில் ஓடிவிட்டது.

ஸ்கிராட்ச் ஜூனியருக்கும் இது அப்படியே பொருந்துகிறது. அதில் வலது அம்புக் கட்டையைப் போட்டால், பூனை எப்படிச் சாய்ந்து கிடந்தாலும் திரையின் வலது பக்கம்தான் போகும். மேல் அம்பு என்றால் மேலேதான். சுழலும் கட்டை பூனையை இருந்த இடத்திலேயே சாய்க்கும், அவ்வளவுதான், போகும் திசையை மாற்றாது. அதாவது வரைபடத்துக் கிழக்கு மேற்கு. டேப்லெட் உறையின் நாலு ஓரத்திலும் பிளாஸ்திரி ஒட்டி கி, மே, வ, தெ என்று எழுதிவிட்டேன். சுழலும் கட்டைக்கு 12 என்றால் ஒரு முழுச் சுற்று, 3 என்றால் கால் சுற்று. கடிகாரத்தைக் காட்டிவிட்டால் இதற்குத் தனியாக விளக்கம் வேண்டாம்.

டேப்லெட்டில் முதல் நாள் இரண்டே கட்டைகள், ஓட்டத்தைத் தொடங்கிவைக்கும் பச்சைக் கொடியும் வலது அம்பும். இடமிருந்து வலமாகப் பூட்டிப்போடுவது, அம்பின் அடியில் இருக்கும் எண்ணைத் தொட்டு மாற்றுவது, வேண்டாத கட்டையை இழுத்து வெளியே போடுவது, இது போதும். மேலே கட்டம் காட்டும் பொத்தான் ஒன்று இருக்கிறது, தொட்டால் படுக்கையில் 20, நெடுக்கையில் 15 கட்டங்கள் தெரியும். பூனையை இழுத்து 1இல் வையுங்கள், 15ஆம் கட்டத்தில் போய் நிற்கச் சொல்லுங்கள். எல்லாப் பிள்ளையும் 15 என்று போடும். பூனை 16இல் போய் நிற்கும். இந்த இடத்தில்தான் உங்கள் விரல் துறுதுறுக்கும், 14 என்று வாயில் வந்துவிடும். கையைப் பின்னால் கட்டிக்கொள்ளுங்கள். நின்ற கட்டத்தையும் சேர்த்து எண்ணியதுதான் தப்பு என்று நீங்கள் சொன்னால் நாளைக்கு மறந்துவிடும். வாசலுக்கு அழைத்துப் போய் பாண்டிக் கட்டத்தில் நிற்கவைத்து, "எத்தனை தடவை காலைத் தூக்கி வச்ச?" என்று மட்டும் கேளுங்கள். பெரிய கம்பெனியில் வேலை பார்க்கும் என் சித்தப்பா பையன் தானும் வாரம் ஒருமுறை இதே தப்பைச் செய்வதாகச் சொன்னான், பொய்யாக இருக்காது.

தப்பு வரும்போது என்னிடம் மூன்று கேள்விதான். என்ன நடக்கணும்னு நெனச்ச? என்ன நடந்துச்சு? எந்தக் கட்டை வரைக்கும் சரியா இருந்துச்சு? மூன்றாவதுக்குப் பதில் தேட ஒரு வழி இருக்கிறது: கொடியே வேண்டாம், எந்த வரிசையைத் தொட்டாலும் அது ஓடும். பாதியாகப் பிரித்துவைத்துத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பிள்ளைகள் அழுதுகொண்டு வரும் இன்னொரு புகார், "என் கட்டையெல்லாம் காணோம்". காணாமல் போயிருக்காது. இரண்டாவது உருவத்தைச் சேர்த்திருப்பான், திரையில் தெரிவது புது உருவத்தின் காலி இடம், இடது பக்கத்தில் பூனையைத் தொட்டால் பழைய கட்டைகள் திரும்ப வந்துவிடும்.

ஒரு டேப்லெட்டுக்கு இரண்டு பேர் என்பது பஞ்சத்துக்காக மட்டும் இல்லை, நாளைக்கு எட்டு டேப்லெட் கிடைத்தாலும் நான் இரண்டு பேராகத்தான் உட்காரவைப்பேன். ஒருவர் டிரைவர், அவர் விரல்தான் திரையில். இன்னொருவர் கண்டக்டர், வாயால் மட்டும் சொல்வார். அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு விசில், இடம் மாற்றம். கண்டக்டர் கைநீட்டினால் டிக்கெட் இல்லை என்று பிள்ளைகளே சட்டம் போட்டுக்கொண்டார்கள். மொத்தம் அரை மணி நேரம் போதும், அதற்கு மேல் போனால் சண்டைதான்.

திரும்பச் செய்யும் கட்டையை அவசரப்பட்டுக் காட்டாதீர்கள். முதலில் நடவு நடச் சொல்லுங்கள். நடவு என்றால் குனி, குத்து, பின்னால் ஒரு அடி, மறுபடியும் குனி. அதைப் பூனைக்குச் சொன்னால் குதிக்கும் கட்டை ஒன்று, மேற்கு அம்பு ஒன்று. பத்து நாற்று நட அதையே பத்துத் தடவை இழுத்துப் போடட்டும். கை அலுத்து, "வேற வழி இல்லையா டீச்சர்?" என்று ஒரு குரல் வரும். அன்றைக்குக் காட்டுங்கள், ஆரஞ்சு நிறத்தில் வளைந்து அணைத்துக்கொள்ளும் அந்தக் கட்டையை. அதையும் நோட்டு அட்டையில் வெட்டிய மாதிரிக் கட்டையை வைத்துத்தான் காட்டுகிறேன், அவர்கள் டேப்லெட்டில் இல்லை. ஒரு விஷயம், மேற்கு அம்பு போட்டால் பூனை முகத்தையும் திருப்பிக்கொண்டு முன்னோக்கி நடக்கும். "எங்கம்மா இப்படியா நடும்?" என்று ஒரு பெண் கேட்டாள். சரியான கேள்வி, என்னிடம் பதில் இல்லை. அவளே முதுகைக் காட்டி நிற்கிற ஒரு அம்மாவை வரைந்துகொண்டாள், அதற்கு எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒன்றுதான். வரைகிற வசதி ஆப்பிலேயே உண்டு, நல்லதுதான், ஆனால் விட்டால் அரை மணியும் அதிலேயே போகும்.

கோலம் போட வைக்கலாமே என்று நிறைய பேர் கேட்கிறார்கள். இதில் நடந்த தடம் கோடாக விழும் பேனா கிடையாது, பெரிய ஸ்கிராட்சில்தான்.

எட்டு வாரம் கழித்து ஒரு கதை செய்யச் சொல்கிறேன். ஒரு வேலைக்கு நாலு பக்கம்தான் தரும் இந்த ஆப், எங்களுக்கு அந்த நாலும் அளவெடுத்ததுபோல் அமைந்தது: ஜூன் 12 மேட்டூர் அணை திறப்பு, கல்லணை, வாய்க்கால், வயல். சிவப்புக் கட்டை அடுத்த பக்கத்துக்குக் கூட்டிப்போகும். கல்லணையில்தான் கொஞ்சம் நிற்க வேண்டும். அங்கே தண்ணீர் காவிரி, வெண்ணாறு, புது ஆறு என்று பிரிகிறது, மிஞ்சினால் கொள்ளிடம். பிள்ளைகள் தபால் உறைக் கட்டையைப் போட்டார்கள்: மதகு உருவம் ஒரு உறையை அனுப்பும், அதே நிற உறை கிடைத்ததும் மூன்று ஆறும் ஒரே நேரத்தில் கிளம்பும். "தண்ணி வந்துருச்சு" என்ற சத்தத்தை மைக் கட்டையில் அவர்களே பதிந்தார்கள், பின்னால் சேவல் கூவுவதும் பதிந்துவிட்டது, அழிக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள்.

செய்த வேலை அந்த டேப்லெட்டுக்குள்ளேயேதான் இருக்கும், ஆப்பை நீக்கினால் அதுவும் போய்விடும். வலது மேல் மூலையில் மஞ்சளாக இருக்கும் இடத்தைத் தொட்டு ஒவ்வொன்றுக்கும் பெயர் வையுங்கள், இல்லாவிட்டால் யார் பூனை யாருடையது என்று பஞ்சாயத்து.

மூன்றாம் வகுப்பு முடிகிற பிள்ளைகளைப் பெரிய ஸ்கிராட்சுக்கு ஏற்றும்போது ஒன்றை மறக்காதீர்கள். அங்கே பூனை தான் பார்த்த திசையில்தான் நடக்கும். பிளாஸ்திரியைப் பிய்த்துவிட்டு, பிள்ளைகளை மறுபடியும் வாசலில் இறக்கி, அந்த அஞ்சுக்கு அஞ்சு கட்டத்தைப் போடுங்கள், இந்தத் தடவை யாரும் கிழக்கு மேற்கு சொல்லக்கூடாது.