மூங்கில் நட்சத்திரமும் எல்இடி வெளிச்சமும்

எங்கள் தேயிலைத் தோட்ட லயத்தில், அதாவது வரிசை வீடுகளில், நத்தார் (கிறிஸ்துமஸ்) என்றால் முதல் வேலை நட்சத்திரம். கடையில் பிளாஸ்டிக்கில் விற்கிறார்கள். எனக்கு மனசு ஒட்டவில்லை.

மூங்கிலைப் பிளந்து, ஒரே நீளத்தில் 10 சிம்பு சீவுங்கள். ஐந்தைந்தாக இரண்டு நட்சத்திரம் கட்டி, முனையோடு முனை சேர்த்து முடியுங்கள். உள்மூலை ஐந்திலும் நாலு அங்குலக் குச்சி கொடுத்தால் நடு உப்பி நிற்கும். மேலே டிசு பேப்பர், கோதுமை மாவுப் பசை.

உள்ளே பழைய குண்டு பல்ப் வேண்டாம், சூட்டில் தாள் கருகும். பேட்டரி எல்இடி சரம் போதும். இஸ்தோப்புக்கு (வீட்டு முன் வராந்தாவுக்கு) உள்ளேயே மாட்டுங்கள். போன வருஷம் வெளியே தொங்கவிட்டேன்; ஹட்டன் பனியில் விடியும்போது எலும்புக்கூடுதான் மிச்சம்.

இயேசு பிறந்த குடிலுக்கு அம்மாயியின் பழைய கொழுந்துக் கூடையைச் சரித்து வையுங்கள். மானாப்புல் கூரை, கான் (வடிகால்) ஓரத்துப் பாசி தரை. 1223இல் இத்தாலியின் கிரேச்சோவில் புனித பிரான்சிஸ் அசிசியார் அமைத்த குடிலிலும் வைக்கோல், மாடு, கழுதைதான். அதனால் ஜிகினா வேண்டாம். பாசிக்குள் மறைத்த மஞ்சள் எல்இடி ஒன்று போதும். பாலன் இயேசுவை 24ஆம் திகதி இரவுதான் வைக்க வேண்டும். கழற்றுவது ஜனவரி 6, மூன்று ராஜாக்கள் வந்த பிறகு.